கரண்ட் திரும்பினால்

ஒரு படிவத்தில் போட்ட ஒரு டிக் தன்னை இந்தப் பாடு படுத்தும் என்று தனப்பிரியா கனவிலும் நினைக்கவில்லை.

நாமக்கல் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கோழிப்பண்ணை நிறுவனத்தின் இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்ப்பது அவள் வேலை. தை மாதம் புது மெஷின்கள் வாங்கியபோது, பயாஸ், அதாவது மெஷின் ஆன் ஆகும்போது பார்க்கும் அடிப்படை செட்டிங், எப்படி இருக்க வேண்டும் என்று விற்பவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். சொல்லிவிட்டால் ஃபேக்டரியிலேயே அப்படி அமைத்துத் தருவார்களாம். பென்டிரைவ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டும் என்று மளமளவென்று குறித்துக்கொண்டு வந்தவள், 'கரண்ட் போய்த் திரும்பினால்' என்ற கேள்வியில் நின்றாள். மெஷின் தானே ஓடத் தொடங்க வேண்டுமா, கரண்ட் போனபோது இருந்தபடியே இருக்க வேண்டுமா? பூட்டிய ஆபீசில் பேய் பிடித்த மாதிரி அதுபாட்டுக்கு ஓடுவானேன் என்று 'இருந்தபடியே' என்பதைக் குறித்தாள். இருபத்திரண்டுக்கும் ஒரே டிக். எடப்பாடி ஹேட்சரியில் குஞ்சு பொரிக்கும் பெட்டிகளின் சூட்டைக் கவனித்து, ஏறினால் எல்லோர் போனிலும் அலறுகிற மெஷினும் அதில் ஒன்று. அதையாவது தனியாக யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

போதாக்குறைக்கு வாட்ஸப்பில் ஓர் உத்தரவும் போட்டாள். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில், ஒன்பது மணிக்கு முன்பே மெஷினை முறையாக ஷட்டவுன் செய்துவிட வேண்டும்.

எடப்பாடி சூப்பர்வைசர் காளியண்ணன் சொன்ன சொல் தட்டாத மனிதர். கரண்ட் நிறுத்தும் நாளான புதன்கிழமை எட்டே முக்காலுக்கே ஷட்டவுன் செய்தார். பெட்டிகள் ஜெனரேட்டரில் ஓடின. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பழைய மெஷின் என்றால் கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் அவர் முட்டை லோடு இறக்கப் போய்விட்டார். புது மெஷின் அணைந்தே கிடந்தது. ஜெனரேட்டரிலிருந்து கரண்டுக்கு மாறியதில் மூன்றாம் பெட்டியின் ஃபேன் நின்றுபோய், உள்ளே சூடு ஏறியது. யார் போனும் அலறவில்லை. சாயங்காலம் திறந்தபோது, மறுநாள் பொரிய வேண்டிய பத்தொன்பதாயிரம் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன.

காலையில் முதலாளி நவநீதகிருஷ்ணன் தாம்தூம் என்று குதித்தார். "கம்ப்யூட்டரை அமத்திப்போட்டு எங்கயோ போயிட்டான் அந்தக் காளியண்ணன்!"

"தப்பு என்னுதுங்க ஐயா." தனப்பிரியா குறுக்கிட்டாள். "கரண்ட் வந்தா தானா ஆன் ஆகற மாதிரி செட்டிங் வெச்சிருக்கோணும். நான்தான் மாத்தி வெச்சுட்டேனுங்க. ஷட்டவுன் பண்ணச் சொன்னதும் நான்தானுங்க."

"செட்டிங்காவது கிட்டிங்காவது! அமத்துனது யாரு? நீயா, அவனா?"

"அவருங்க. ஆனா..."

"அப்பறம் என்ன ஆனா? அவன் பேரை எல்லாத்துலருந்தும் எடுத்துரு. நாளைக்கு வேற ஆள் வருவான்."

இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மனிதர் காதில் ஏறவேயில்லை. ஒருத்தன் அணைத்தான் என்பது அவருக்குப் புரிந்தது, பயாஸ் புரியவில்லை. அவரை அனுப்பினால் நானும் போகிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லும் துணிச்சல் அவளுக்கு இல்லை.

இருக்கைக்கு வந்து, கம்ப்யூட்டரில் நுழைய அனுமதி உள்ளவர்கள் பட்டியலிலிருந்து காளியண்ணன் பெயரை நீக்கினாள். பத்து விநாடிகூட ஆகவில்லை. சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

போன் அடித்தது. காளியண்ணன்தான்.

"அம்மிணி, பெட்டியெல்லாம் கழுவி வெச்சுட்டனுங்க. ரிப்போர்ட் போடலாம்னு உக்காந்தா, கம்ப்யூட்டரு உள்ளயே உடமாட்டேங்குதுங்க. நேத்து இருந்த பதட்டத்துல பாஸ்வேர்டை மறந்துட்டனாட்ட இருக்குது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சாமி."