சிங்கத் தூணுக்கு வயது ஆயிரம்

எங்கள் கல்யாணத்துக்கு அப்பாவைச் சம்மதிக்க வைக்கத் தருணுக்கு நான் சொன்ன ஒரே வழி கோயில்தான். "அப்பா கோயில் திருப்பணி கான்ட்ராக்டர். பழைய கோயிலப் பத்திப் பேசு, உருகிடுவாரு." தருண் ஐடிக்காரன். எதையும் அளவோடு செய்யத் தெரியாது. ஒரு வாரம் ஆபீஸிலேயே உட்கார்ந்து சோழர் கட்டடக்கலையைக் கரைத்துக் குடித்தான்.

ஞாயிறு காலை பெங்களூர் அல்சூரிலிருந்து அவன் காரில் கிளம்பினோம். அத்திபெலே பக்கம் ஒரு சின்னச் சிவன் கோயில். அப்பா தேர்ந்தெடுத்தது.

அடிப்பீடத்தைக் காட்டி அதிட்டானம் என்றான், கல்வெட்டு என்றான், பதினோராம் நூற்றாண்டு என்றான். அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரே பெருமை. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். மண்டபத்துக்குள் போனான்.

அங்கே நான்கு வெள்ளைத் தூண்கள். மூலையில், கருத்துப்போன ஒரு சிங்கத் தூண்.

"அங்கிள், இதப் பாருங்க! ஆயிரம் வருஷம்! பிடரில ஒவ்வொரு சுருளும் தனித்தனியா இருக்கு. இன்னைக்கு எவனாலயும் முடியாது."

அரை மணி நேரம் அதையே சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு வெள்ளைத் தூண்களைப் பார்த்து முகம் சுளித்தான். "இதெல்லாம் எவனோ இப்ப சிமென்ட்ல போட்டிருக்கான். ரசனை கெட்டவன்."

அப்பா ஒரு வெள்ளைத் தூணில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைக் காட்டினார். உள்ளே கருங்கல்.

"இதுதான் தம்பி சோழர் தூணு. திருவிழாவுக்குத் திருவிழா வெள்ளையடிச்சிடுறாங்க. மூலைத் தூணு ஒடஞ்சு போச்சு. அந்தச் சிங்கம் ரெண்டாயிரத்துப் பதினாலுல நான் போட்டது. உள்ள கம்பி, சிமென்ட்டு. மேல பெயின்ட்."

தருண் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பும்போது சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். என் கல்யாணப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

தருண் எங்களை இறக்கிவிட்டுப் போனதும் அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். "அவன் தெரியாமத்தானே சொன்னான்?"

"சும்னே கத்தாத. கல்லு எது, சிமென்ட்டு எதுன்னு தெரியாத பையன். வீடு வாங்குறப்போ என்னக் கேக்காமக் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சொல்லிடு."

"அப்போ உங்களுக்குச் சரியாப்பா?"

"அந்தப் பிடரிய என் கையால செய்ய மூணு மாசமாச்சு. வந்து பாரும்மான்னு உன்ன எத்தன வாட்டி கூப்ட்டேன்? அவன் அரை மணி நேரம் நின்னு பாத்தான்."

எனக்குச் சுரீரென்றது. அப்பா அதற்குள் தருணின் நம்பரைக் கேட்டார்.