பன்னிரண்டாவது கம்பம்

பன்னிரண்டாவது கம்பத்தின் மேல் மயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் லைன்மேன் காளீஸ்வரன் சைக்கிளை நிறுத்தினான்.

கம்பத்தை ஒட்டி வேலி. வேலிக்குள் பட்டாசுக் கம்பெனியின் காயப்போடும் மேடை நிறைய மணி மணியாக உருட்டிய வெடிமருந்து வெயிலில் கிடந்தது. ஒரு பொறி விழுந்தால் போதும். பக்கத்து வேப்பமர நிழலில் கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் மனைவி பொன்மணியும் மற்றப் பெண்களும் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். முருகனின் வாகனம் என்று முதல் கவளத்தை மயிலுக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். கைதட்டினால் இறங்கி வரும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இரண்டு மயில்கள் கம்பியில் கருகிச் செத்தன. பறவை உட்காரும் பன்னிரண்டு கம்பங்களில் கம்பிக்கு உறை மாட்டும்படி மின்சார ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. பதினொன்றில் மாட்டினான். இங்கே வந்தபோது கம்பெனி மேனேஜர் வெள்ளைத்துரை சீறினார்.

"தீவாளி சீசன்ல அரை மணி நேரம் கரண்டை நிறுத்துவீகளோ? மெஷினை எவன் ஓட்டுவான்?"

ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று, பன்னிரண்டும் முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான் இந்த மகராசன். நாலு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

இப்போது கத்தவும் முடியாது. மிரண்டால் மயில் சிறகை விரிக்கும். இரண்டு கம்பியிலும் படும். லைனை நிறுத்தும் சுவிட்ச் இரண்டு கம்பம் தள்ளி இருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். சாவி பூட்டில் நுழைய மாட்டேன் என்றது. அங்கே பொன்மணி கவளத்தை வேலிக்கல்லில் வைத்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினாள்.

பூட்டு திறந்தது. கைப்பிடியில் முழு உடம்போடு தொங்கினான். அது இறங்கிய சத்தமும் அவள் கைதட்டிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

மயில் சிறகை விரித்தது. இரண்டு கம்பியையும் உரசியது. பிறகு கீழே வந்து சோற்றைக் கொத்தியது.

காளீஸ்வரன் வேலியோரம் வந்தான். "எவம்லே கரண்டை நிறுத்துனது?" என்று வெள்ளைத்துரை உள்ளேயிருந்து கத்தினார். அதற்குள் அவர் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார் போலும். காளீஸ்வரனின் செல்போனில் இன்ஜினியர் காசிராஜன் வந்தார்.

"யாரைக் கேட்டு லைனை நிறுத்தினே?"

"மயில் உக்காந்திருச்சு சார்."

"உக்காந்தா என்ன? பன்னண்டு கம்பத்துக்கும் உறை மாட்டியாச்சுன்னு எழுதியிருக்கியே?"

பொன்மணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவமானமாக இருந்தது.

"பதினொண்ணுலதான் சார் மாட்டினேன். இதுல என் கையெழுத்து மட்டுந்தான் இருக்கு."

வேலை போய்விடுமா என்று பொன்மணி கேட்கவில்லை. மேடையைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள்.

"இங்கன தினமும் நாப்பது பேரு சாப்பிடுதோம்," என்றாள். "உங்களுக்குத் தெரியும்ல?"