ருசி பார்க்காத சூப்

மால்சுன் வைத்த சூப் கிண்ணத்தில் மிச்சமாகித் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. கொரியாவில் ஆண்டோங் ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் முப்பது வருஷமாக மாட்டுக்கறி சூப்பும் சோறும் விற்கிற கடை அவளுடையது. லாரிக்காரர்கள் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்து போவார்கள். அப்படிப்பட்டவளுடைய வீட்டிலேயே, மூன்று நாளாக, ஒரு கிண்ணம் நிறையப் போய் நிறையத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

திருப்பி அனுப்பியவள் மருமகள் ஹேரான். பெண் குழந்தை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவள் மியோக் என்கிற கடற்பாசி சூப்பை வேளைக்கு ஒரு கிண்ணம் குடித்தாக வேண்டும். அப்போதுதான் உடம்பு தேறும், பால் ஊறும். அதற்காக மால்சுன் சம்பிரதாயப்படி மடிக்காத, ஒடிக்காத நீளப் பாசியாகப் பார்த்து, பேரம் பேசாமல் வாங்கி வந்து, மாட்டுக்கறி போட்டுக் கொதிக்க வைத்திருந்தாள். பேரம் பேசாதது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

ஹேரான் இரண்டு கரண்டி குடிப்பாள். மூன்றாவது கரண்டி வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். "மன்னிச்சுக்கங்கம்மா, அப்புறமா குடிக்கிறேன்" என்பாள். கொரிய மருமகள்கள் மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மனசுக்குள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு சங்கதி. குழந்தையோ பால் போதாமல் வீறிட்டு அழுதது.

"என் சூப்புல என்னடா குறை?" என்று மகன் கியுதேயைப் பிடித்துக்கொண்டாள் மால்சுன். "உப்பா, உறைப்பா? சொல்லச் சொல்லு அவள!"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அவ ஜேஜு தீவுக்காரி. அவங்க ஊர்ல இதுக்குக் கறி போட மாட்டாங்க. ஓக்தோம்னு ஒரு சிவப்பு மீன் போடுவாங்க. இப்ப அவளுக்குக் கறி வாசனையே குமட்டுதாம்."

"மீனா? பாசியோட மீனப் போட்டா பாழுங்குளம் மாதிரி நாறுமேடா! இத ஏன் அவ வாயத் தொறந்து சொல்லல?"

"சொன்னா நீங்க இப்படிக் கத்துவீங்கன்னுதான்." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "பிரசவம் ஆனா அந்த சூப்ப அவங்க அம்மாதான் வச்சுக் குடுக்கணும். அவங்கதான் இல்லையே."

ஹேரானுக்குப் பத்தொன்பது வயதிலேயே தாய் செத்துப்போய்விட்டாள் என்பது மால்சுனுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை அன்றைக்கு வரை நினைத்துப் பார்த்ததில்லை. சாயங்காலம் அறையை எட்டிப் பார்த்தபோது, ஹேரான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மார்பில் முட்டி மோதுகிற குழந்தையிடம், "அம்மாகிட்ட பால் இல்லடா கண்ணு, மன்னிச்சுக்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் குழந்தை பிறந்து ஏழாம் நாள். பிறப்பைக் காக்கிற சாம்சின் தெய்வத்துக்கு வெள்ளைச் சோறும் பாசி சூப்பும் தண்ணீரும் படைத்து, அந்தப் படையலையே தாய்க்குக் கொடுக்கிற நாள். விடிந்ததும் மால்சுன் சந்தைக்குப் போனாள்.

"அடி ஆத்தி, மாட்டுக்கறி மகராணி மீன் கடைக்கு வந்திருக்கா! இன்னிக்கு மழைதான்" என்றாள் மீன்காரி புன்னிம்.

"வாயக் கொறச்சுக்கிட்டு ஓக்தோம் எடு. ஜேஜு சரக்கா இருக்கணும்."

"எடுக்கிறேன். எப்படிச் சமைக்கணும்னு தெரியுமா?"

"யார்கிட்ட கேக்குற? நீ மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சப்பவே நான் அடுப்பு மூட்டினவ!"

கேட்டிருக்கலாம். ஆனால் சமையல் விஷயத்தில் ஒருத்தரிடமும் கேட்டுப் பழக்கமில்லாத ஜென்மம் அது. கறி சூப்புக்குச் செய்வது போலவே பாசியை நல்லெண்ணெயில் வதக்கினாள். பச்சைத் தண்ணீர் ஊற்றி, மீனை அதிலேயே போட்டு, மாட்டெலும்பை வேகவைப்பது போல இரண்டு மணி நேரம் சிறு தீயில் மூடி வைத்தாள். தெய்வத்துக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாதாகையால், கரண்டியை நாக்கில் வைக்கவில்லை. படைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக் கும்பிட்டு, "இவ ஒரு கிண்ணமாவது குடிக்கணும் தாயே" என்று வேண்டிக்கொண்டு உள்ளே எடுத்துப் போனாள்.

கிண்ணத்துக்குள் மீனின் வாலைப் பார்த்ததும் ஹேரான் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். பிறகு குனிந்த தலை நிமிராமல் குடித்தாள். கிண்ணம் காலியானது.

"இன்னொரு கிண்ணம் கிடைக்குமாம்மா?"

"கிடைக்குமாவா? அண்டா நிறைய இருக்கு!"

"எங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு."

மால்சுனுக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுப்படிக்கு வந்து, அந்தப் பெருமையோடு தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி, முதல் கரண்டியை வாயில் வைத்தாள். வைத்தவள் கழுவு தொட்டிக்கு ஓடினாள். மீன் கரைந்து முள்முள்ளாக மிதந்தது. மேலே எண்ணெய் படர்ந்து கிடந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. பாழுங்குளம் என்று அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. இதையா இரண்டு கிண்ணம் குடித்தாள்?

அறை வாசலில் போய் நின்றாள். "ஏண்டி, எதுக்குப் பொய் சொன்ன?"

ஹேரானுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கண் நிறைந்துவிட்டது. "தண்ணி தளதளன்னு கொதிக்கிறப்பதான் மீனப் போடணும்மா. எண்ணெயே கூடாது. சொல்லலாம்னுதான் நெனச்சேன். ஆனா பாசியோட மீனப் போட்டா நாறும்னு கத்தினவங்க காலங்காத்தால எனக்காக மீன் வாங்கப் போனீங்களே. அம்மா செத்த பிறகு எனக்காக யாரும் இந்த சூப்ப வச்சதில்ல. அத நெனச்சுக்கிட்டே குடிச்சேன், எறங்கிடுச்சு."

மால்சுன் மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தாடையில் ஒட்டியிருந்த பாசித் துணுக்கை விரலால் எடுத்தாள். முப்பது வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வி அப்போதுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

"கொதி வந்து எவ்வளவு நேரம் வைக்கணும், கண்ணு?"

அன்று சாயங்காலமே புது சூப் கொதித்தது. ஹேரான் போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று, "இன்னும் கொதிக்கட்டும். இப்பப் போடுங்க. மூடாதீங்க" என்று அதிகாரம் செய்தாள். "சரிங்க முதலாளி" என்றாள் மால்சுன். வெளுத்த தெளிவான சாறு, சோயா கொஞ்சமே கொஞ்சம், மீன் முழுசாக. அதற்குப் பிறகு கிண்ணம் நிறையத் திரும்பி வரவே இல்லை. இரண்டு நாளில் குழந்தை வயிறு நிறைந்து தூங்கத் தொடங்கியது.

பதினான்காம் நாள் மறுபடி படையல். பக்கத்து அறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஹேரான், திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். மாமியார் படையலில் சூப் கிண்ணம் இரண்டு வைத்திருந்தாள். ஒன்று தெய்வத்துக்கு. இரண்டாவதன் பக்கம் ஒரு கரண்டியும் வைத்து, மால்சுன் தலை தாழ்த்திப் பேசினாள்.

"சம்பந்தியம்மா, போன வாரம் உங்க பொண்ணுக்கு நாத்தத்தக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க. பொல்லாதவ, அதையும் ரெண்டு கிண்ணம் குடிச்சா. இப்படி ஒரு பிள்ளையப் பெத்துக் குடுத்ததுக்கு உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? இந்தத் தடவை தண்ணி கொதிச்ச பிறகுதான் மீனப் போட்டேன். நான் ருசி பார்க்கல. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."