எர்ல் விழுந்த விதம்

கயிற்றுக்கு அடியில் குனிந்து வெர்னா ஒரு காலை மைதானத்துக்குள் வைத்ததும் மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் பெண் ஓடிவந்து மறித்தாள். பார்வையாளர்கள் வெளியேதான் நிற்க வேண்டுமாம். கொம்பு ஊதியதும் செத்தவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அப்புறம் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாமாம்.

"அங்க விழுந்து கிடக்கிறது என் வீட்டுக்காரர்."

"ரொம்ப நல்லா விழுந்தாரு மேடம். எல்லாரும் கை தட்டினாங்களே."

தட்டினார்கள்தான். அதனால்தான் வெர்னா கயிற்றைத் தாண்டினாள். பதினேழு வருடமாக, ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, எர்ல் இந்தப் புல்வெளியில் செத்து வந்திருக்கிறார். ஒருவரும் கை தட்டியதில்லை. முதலில் தரையைப் பார்ப்பார், எறும்புப் புற்றோ மாட்டுச் சாணமோ இருக்கிறதா என்று. பிறகு துப்பாக்கியைப் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்துவார். இடது முழங்காலை ஊன்றுவார், வலதில் மூட்டுவலி. கடைசியில் மல்லாந்து தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வார். குண்டடி பட்டவர் மாதிரியா இருக்கிறது, மத்தியானத் தூக்கத்துக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறது என்று மகள் ட்ரிஷ் கேலி செய்வாள்.

இன்று துப்பாக்கிதான் முதலில் விழுந்தது.

நூற்றறுபது வருடத்துக்கு முன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட ஹாலோ க்ரீக் சண்டை நாற்பது நிமிடத்தில் முடிந்துபோனது. அதை வருடாவருடம் நடித்துக் காட்டிக் கொண்டாட ஊருக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. கம்பளிக் கோட்டு மாட்டிய இருநூறு பேர் வர்ஜீனியா வெயிலில் வேகும்போது, குடும்பங்கள் மடக்கு நாற்காலியில் சாய்ந்து எலுமிச்சைச் சாறு குடிக்கும். எப்போது சாவது என்பது அவரவர் விருப்பம். ஆகவே முதல் வேட்டுக்கே, ஓக் மர நிழலாகப் பார்த்து, பாதிப் படை மாண்டுவிடும். இருதய ஆபரேஷனுக்குப் பிறகு எர்லும் வெர்னாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், முதல் வேட்டுக்கே நிழலில் படுத்துவிடுவதாக.

இந்த வருடம், படையை நடத்தும் கர்னல் வேடக்காரர் அதற்கு முடிவு கட்டினார். நிழல் தேடிச் சாவது தியாகிகளுக்கு அவமானம் என்று காலையில் பீப்பாய் மேல் ஏறி நின்று பேசினார். தான் வாளைத் தாழ்த்தும்வரை ஒருவரும் சாகக் கூடாது என்று உத்தரவும் போட்டார். வெர்னா கணவனைத் தனியே இழுத்து, பேசாமல் விழுந்துவிடு என்று கெஞ்சினாள். நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்து ஒரு முதலாளி பேச்சையும் கேட்காத மனிதர், "உத்தரவுன்னா உத்தரவுதான், வெர்னா," என்று பித்தளைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

வெர்னா தொண்டர் பெண்ணை விலக்கிவிட்டு நடந்தாள். பாதி தூரத்தில் குதிரை குறுக்கே வந்தது. மேலே ஒட்டுத் தாடியும் தங்கச் சரிகையுமாகக் கர்னல். பக்கத்து ஊரில் பல் வைத்தியம் பார்ப்பவர். அந்தக் காலத்துப் பெண்கள் போர்க்களத்துக்கு வரமாட்டார்கள் என்று தெரிவித்தார்.

"டாக்டர், போன மாசம்தான் உங்ககிட்ட கடவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டுப் போனேன். அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. வந்து பாருங்க."

"கர்னல்," என்று தாழ்ந்த குரலில் திருத்தினார் அவர். "இன்னும் ஆறே நிமிஷம். கொம்பு ஊதட்டும்."

காலடியில் செத்துக் கிடந்த எதிரிப் படைக்காரன் ஒருவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "நான் பாக்குறேன்மா," என்றான். காட்சி கெட்டுவிடக் கூடாதே என்று முழங்கையால் ஊர்ந்தே போனான். செத்தவன் அசையக் கூடாது என்று கர்னல் அதட்டினார். அவன் ஊர்ந்து எர்லை அடைந்து, கையைத் தூக்கிப் பார்த்து, வாயருகே காதை வைத்தான். பிறகு எழுந்து நின்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

கர்னல் குதிரையிலிருந்து இறங்கிய வேகத்தில் தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. மண்டியிட்டு, எண்ணி எண்ணி, எர்லின் மார்பை அழுத்தினார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அவரை விலக்கும்வரை நிறுத்தவில்லை. அவர்களும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டான்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே, வெர்னா. அவருக்கு மட்டும் விட்டிருப்பேனே," என்றார் டாக்டர். வெர்னா எர்லின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

ட்ரிஷ் பிள்ளைகளோடு இன்னும் சோளம் வாங்கும் வரிசையில் இருந்தாள். வடக்குப் படையின் நீலச் சட்டைக்காரர் இருவரும் தெற்குப் படையின் சாம்பல் சட்டைக்காரர் இருவருமாக ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். வெர்னா கோட்டின் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். வெயில் பட்ட கம்பளி இன்னும் சுட்டது. கயிற்றருகே வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. தொப்பிகள் இறங்கின. எங்கோ ஒரு கைதட்டல் தொடங்கி வரிசை வரிசையாகப் பரவியது.

முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருவர், மிகவும் மரியாதையாகவே, கேட்டார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? உங்க ஜீன்ஸ் படத்துல விழுது."

வெர்னா குனிந்து தன் ஜீன்ஸைப் பார்த்தாள். பிறகு கோட்டின் கையை விட்டுவிட்டு, இரண்டடி ஒதுங்கி நின்றாள்.