பதினோரு நொடிகள்

சந்திரன் ஓட்டிய கம்பெனி வண்டியில்தான் அந்தப் பாட்டை முதலில் கேட்டேன். இரண்டாயிரத்து எட்டு. பெங்களூரில் ஓசூர் சாலையில் மேம்பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேர இரண்டு மணி நேரமாகும். அதுவரை நான் யாரோடும் பேச மாட்டேன். சந்திரனின் கைபேசியில் ஒருவர் தமிழில் ராப் பாடினார். இசை கிடையாது, எதையோ தட்டும் ஓசை மட்டும். பாதி வரியில் நிறுத்தினார். ஒரு ரயில் கடந்து போனது. அது முழுதாக ஓய்ந்த பிறகு, விட்ட சொல்லிலிருந்து தாளம் பிசகாமல் தொடர்ந்தார்.

‘வண்டி போவட்டும், அப்பால சொல்றேன்
வாய மூடினா செத்தேன்னு நெனைக்காத.’

இந்த ஊரில் யாரும் கண்டுகொள்ளாத ராப் பாடகர்களைத் தேடி வலைப்பூவில் எழுதிவந்தேன். மௌனத்தை இவ்வளவு நம்பிய ஒருவரை அதற்குமுன் கேட்டதில்லை. பாடியது யாரென்று சந்திரனுக்குத் தெரியவில்லை. மெஜஸ்டிக் பகுதிக் கடையொன்றில் பழைய கைபேசி வாங்கியபோது உள்ளேயே இருந்ததாம். புளூடூத்தில் எனக்கு அனுப்பினார்.

வழக்கம்போல இரைச்சலைக் குறைத்தேன். பாட்டு முடிந்தபின் பதினோரு நொடி ஏதோ வீட்டுப் பேச்சு இருந்தது, வெட்டினேன். பழையதன் மேலேயே அதே பெயரில் சேமித்து வலைப்பூவில் ஏற்றினேன். சந்திரனுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அதைப் பதிவிறக்கிக் கேட்டார்கள். தொம்மலூரில் இசை நிகழ்ச்சி நடத்தவிருந்தவர்கள் பாடியவரை எப்படியாவது அழைத்துவரச் சொன்னார்கள். நான் கண்டெடுத்தவர் மேடையேற வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை எனக்கு.

கைபேசி விற்ற கடைக்காரர் சேஷகிரி, தன்னிடம் விற்பவர்களின் ரேஷன் கார்டு நகலை வாங்கி வைத்திருப்பவர். அதில் பெயர் சிரில், முகவரி ஒக்கலிபுரம்.

ஞாயிறு மத்தியானம் போனேன். தண்டவாளத்தை ஒட்டி ஒற்றை அறை. சிரிலுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். தன் பாட்டை ஊர் கேட்கிறது என்றதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி காந்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கைபேசியை விற்றுவிட்டாராம். பதிவு அதோடு போயிற்று என்றே இருந்தாராம். காந்தா இறந்து எட்டு மாதம் என்றார்.

"போட்டோ இருக்கு சார். கொரலுதான் எங்கியும் இல்ல."

அப்போது எனக்குப் புரியவில்லை. பாட்டை ஓடவிட்டுக் கைபேசியைக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டார். முடிந்த பிறகும் அவர் அதை எடுக்கவில்லை.

"இன்னும் இருக்கும் சார். கடசீல அவ பேசுவா."

வெளியே வந்து சந்திரனைக் கூப்பிட்டேன். பழைய பிரதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"அத டிலீட் பண்ணிட்டேனே சார். நீங்க குடுத்தது சக்கத்தா, சூப்பரா கிளீனா இருந்திச்சு, ரெண்டு எதுக்குன்னு."

உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவர் கைபேசியைச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"வெட்றதுக்கு முன்ன கேட்டிருப்பீங்கல்ல. இன்னா சொன்னா?"

"'முடிஞ்சுதா? நீரு வந்திருச்சு, கொடத்த எடு.'"

தலையாட்டினார். "ஆமா. அன்னிக்கு மூணு நாளு கழிச்சு தண்ணி வந்துச்சு." பிறகு கேட்டார்: "சிரிச்சாளா?"

ரயில் வந்தது. அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுபோல இருவரும் காத்திருந்தோம். பெட்டி பெட்டியாக அது கடக்கும்வரை அந்தப் பதினோரு நொடிகளைத் தேடினேன். எங்கே வெட்டுவது என்று பார்க்க ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தேன். சொற்கள் நினைவிருந்தன. சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

கடைசிப் பெட்டியும் போனது. அவர் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சாங்க" என்றேன்.

நிகழ்ச்சியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. கிளம்ப எழுந்தபோது உட்காரச் சொன்னார்.

"அந்தக் கொடத்த எடுன்னு சொன்னாளே சார். அத இன்னொரு வாட்டி சொல்லிட்டுப் போங்க."