நீர்நாயின் பெயரில் ஓர் எலி

மிருகக்காட்சிசாலைக் குளத்துக்கு ஐந்து புது விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். பார்த்தால் பெருச்சாளி மாதிரி, எடை போட்டால் நல்ல கொழுத்த பூனை அளவு, மீசை மட்டும் வெள்ளை வெளேரென்று. வாயைத் திறந்தால் பல்லெல்லாம் ஆரஞ்சு நிறம். எலியா, நீர்நாயா, பன்றிக்குட்டியா என்று கேட்டுக் கேட்டு ஜனங்கள் காவலாளியைத் துளைத்தெடுத்துவிட்டார்கள். எந்தத் தொல்லைக்கும் ஒரு பலகை வைத்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர் கண்காணிப்பாளர். நேரே பெயிண்ட் கொட்டகைக்கு வந்தார்.

"பேரு நியூட்ரியா. பேருக்கு அர்த்தம் என்ன, யார் வச்சாங்க, அதையும் சேர்த்துப் போட்டுடுங்க. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

பலகை எழுதுகிறவள் சரி என்று தலையாட்டினாள். ஆனால் எலிக்குப் பெயர் வந்த கதையைத் தேடும் மனநிலையில் அவள் இல்லை. வீட்டிலேயே ஒரு பெயர் அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

அவளுடைய அக்கா போய் மூன்று வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அக்காவின் ஒரே பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. செய்கிற சேட்டைக்கு எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றரை வருஷம் கழித்து அத்தானுக்கே இவளைக் கட்டிவைத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாலுவை வேறொருத்தி கையில் கொடுக்க இவளுக்குத்தான் மனசு வரவில்லை.

பேச வந்த நாளிலிருந்தே வாலுவுக்கு இவள் "சித்தி". தெருமுனையில் நின்று "சித்தீ" என்று இழுத்தால் இரண்டாவது மாடி வரைக்கும் கேட்கும். அதில் இவளுக்கு ஒரு குறையும் இல்லைதான். ஆனாலும் தலை பின்னிவிடுகிறோம், காய்ச்சலில் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோம், ஒரு தடவை "அம்மா" என்று கூப்பிட்டால் என்ன என்று ஓர் ஆசை உள்ளே புகுந்துவிட்டது. புகுந்த ஆசை சும்மா இருக்குமா? ஒருநாள் அத்தானிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அத்தான் பேருந்து ஓட்டுகிறவர், தங்கமான மனுஷர், ஆனால் எதையும் நின்று நிதானித்துச் செய்து பழக்கமில்லாதவர். மறுநாள் காலைச் சாப்பாட்டின்போதே உத்தரவு போட்டுவிட்டார்.

"இனிமே சித்தி கித்தியெல்லாம் கிடையாது. அம்மான்னுதான் கூப்பிடணும். புரிஞ்சுதா?"

"சரிப்பா," என்றாள் வாலு.

சொன்ன சொல் தவறாத பெண். அன்றிலிருந்து "அம்மா, இங்க கையெழுத்துப் போடுங்க", "அம்மா, கணக்கு நோட்டு முடிஞ்சுபோச்சு" என்று பள்ளிக்கூட டீச்சரிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். "நீ" போய் "நீங்க" வந்தது. ஓடிவந்து முதுகில் தொற்றிக்கொள்வது நின்றுபோனது. கேட்டு வாங்கிய அம்மாவும் இனிக்கவில்லை, இருந்த சித்தியும் போய்விட்டாள். அந்தப் பழைய "சித்தீ" ஒரே ஒரு தடவை காதில் விழாதா என்று ஒரு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா இருந்தவரை இப்படிப்பட்டதையெல்லாம் அவளிடம்தான் சொல்லி அழுவாள்.

பள்ளி விட்டதும் வாலு வழக்கம்போல் கொட்டகைக்கு வந்து பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். இவள் தகரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது மிருக டாக்டர் எட்டிப்பார்த்தார். அவருக்கு மருந்து கொடுப்பதைவிடக் கதை சொல்வதில்தான் அதிக இஷ்டம்.

"நியூட்ரியான்னா ஸ்பானிஷ்ல நீர்நாய். ரோமத்துக்காகத் தென் அமெரிக்காவுல அலைஞ்ச ஸ்பெயின் ஆளுங்க இது தண்ணியில நீந்தறதைப் பார்த்தாங்க. அவங்க ஊர் நீர்நாய் ஞாபகம் வந்துடுச்சு. அந்தப் பேரையே இதுக்கும் வச்சுட்டாங்க. அது மீன் திங்கற ஜாதி, இது புல் திங்கற எலி. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"அதுக்குன்னு சொந்தப் பேரு இல்லையா டாக்டர்?"

"ஏன் இல்லாம? அந்த மண்ணுல இருந்த மாப்புச்சே ஜனங்க கொய்புன்னு கூப்பிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

வாலு நிமிர்ந்தாள். "அப்போ நிஜ நீர்நாய்க்கு என்ன பேரு?"

"அதுக்கும் அதே பேருதான்."

"அப்போ நியூட்ரியான்னு கூப்பிட்டா யாரு வருவாங்க?"

"யாருக்குப் பசிக்குதோ அது வரும்," என்று சிரித்துக்கொண்டே டாக்டர் போய்விட்டார்.

வாலு சிரிக்கவில்லை. ஒரு குச்சியால் பச்சை பெயிண்டைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நம்ம வீட்லயும் அப்படித்தான் ஆகுது," என்றாள்.

"என்ன ஆகுது?"

"ரூம்ல நான் அம்மாவக் கூப்பிடுவேன்ல, அதான். கூப்பிட்டுட்டு ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்லுவேன். முன்னெல்லாம் யாரும் வரமாட்டாங்க. இப்போ கூப்பிட்டா நீங்க வந்துடறீங்க."

கையிலிருந்த உப்புத்தாள் நின்றது. மூன்று தடவையோ நான்கு தடவையோ, அறைக்குள்ளிருந்து "அம்மா" என்ற குரல் கேட்டு ஈரக்கையோடு ஓடியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வாலு சுவரைப் பார்த்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்றிருக்கிறாள். என்மேல் பிள்ளைக்கு ஒட்டுதல் இல்லை என்று இவள் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அக்காவைக் கூப்பிட அந்தக் குழந்தையிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தை. அதையும் இவள் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"வாலு, இனிமே என்னைச் சித்தின்னே கூப்பிடு."

"அப்பா திட்டுவாரு."

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

"நான் அம்மான்னு கூப்பிட்டா நீ வரமாட்டியே?"

எப்போதாவது வரலாமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குழந்தை முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"வரமாட்டேன்."

"சரி சித்தி," என்றாள் வாலு. எழுந்துவந்து பெயிண்ட் கையோடு இவள் முதுகில் சாய்ந்துகொண்டாள். ஒரு மாதமாகக் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த இன்னொரு ஆசை மட்டும் உள்ளேயே ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது. அது எழுந்து போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமையே பலகை தயாராகிவிட்டது. 'நியூட்ரியா. இது நீர்நாயின் பெயர். பார்த்தவர்கள் இதற்கும் வைத்துவிட்டார்கள். பிறந்த மண்ணில் இதன் பெயர் கொய்பு.' கண்காணிப்பாளர் இரண்டு தடவை படித்தார். இவ்வளவு உண்மையைப் பலகையில் போட வேண்டுமா என்று தயங்கினார். கேள்வி குறையும் சார் என்று அவள் சொன்னதும் ஆணி அடிக்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தி விஷயத்தை அவரிடம் இவள் இன்னும் எடுக்கவில்லை. இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே அறையிலிருந்து மெதுவாக, "அம்மா" என்று குரல் வந்தது. எழுந்திருக்க இவளுடைய ஒரு கால் தானாகவே ஊன்றிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். மறுபடியும் "அம்மா". அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது.

அத்தான் பேப்பரைத் தாழ்த்தினார். "பிள்ளை கூப்பிடறாளே, காதுல விழலையா?"

"என்னைக் கூப்பிடல, அத்தான்."