பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

வீடு பார்க்கப் போன இடத்தில் நான் படுத்துத் தூங்கிவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக இரவு ஷிப்டில் நின்றுவிட்டு, பகலில் கண்ணை மூட முடியாமல் புரண்டு பார்த்தால் அப்போது தெரியும் என் கஷ்டம்.

செனாயில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. இருட்டும்போது போய் விடிந்த பிறகு வருவேன். எங்கள் உலு திராம் வீட்டுக்கு இடப்பக்கம் மோட்டார் பட்டறை. வலப்பக்கம் வீட்டைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று ஒரு மகராசன் போன தீபாவளியிலிருந்து சுவரைக் குடைந்துகொண்டிருக்கிறான். காதில் பஞ்சு, ஜன்னலில் கறுப்புத் துணி, டாக்டர் கொடுத்த மாத்திரை, எதுவும் பலிக்கவில்லை. போன மாதம் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டியபடியே கண் அசந்து, வண்டியோடு சாலையோரக் கால்வாயில் கிடந்தேன். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அடுத்த தடவை எப்படிப் போகுமோ!

அன்றைக்குத்தான் என் கணவர் சபாபதி வாயைத் திறந்தார். "யோகேஸ், நீ செத்துப் போனா இந்த வீட்ட வச்சி நான் என்னா பண்றது? வித்துட்டு அமைதியான எடமா பாத்துப் போயிடலாம்லா."

அமைதியான இடம் செடெனாக்கைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு கம்பத்தில், சின்னக் கிராமத்தில், கிடைத்தது. பலகை வீடு, வழுவழுவென்று சிமெண்ட் தரை, வாசலில் ரம்புத்தான் மரம். விற்கிறவர் காதர் பீவி. அறுபது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கறுத்த வளையம். அவருடைய கணவர் ருக்னுதீன் கூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். விடியுமுன் போனால் இரவில்தான் வீட்டுக்கு வருவாராம். வீட்டை விற்றுவிட்டுக் கடைக்கு மேலேயே குடிபோகப் போகிறார்கள்.

"கடைத் தெருவுல சத்தமா இருக்குமேக்கா?" என்று கேட்டேன்.

"அது மனுசச் சத்தம். கேட்டுக்கலாம்," என்றார்.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நடுக்கூடத்தில் காற்று வருகிறதா பார்ப்போம் என்று தரையில் உட்கார்ந்தேன். மின்விசிறிகூட இல்லாத கூடம். ஒரு சத்தம் இல்லை. எங்கேயோ ஒரு சேவல், அவ்வளவுதான். சுவரில் சாய்ந்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது வெயில் அடுத்த ஜன்னலுக்குப் போயிருந்தது. தலைக்குக் கீழே ஒரு தலையணை. காதர் பீவி பக்கத்தில் உட்கார்ந்து மடித்த பேப்பரால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். சபாபதி அதற்குள் டீயைக் குடித்து, விலையைப் பேசி முடித்திருந்தார்.

"எழுப்பியிருக்கலாம்லக்கா," என்றேன், வெட்கமாகப் போயிற்று.

"மனசு வரல தங்கச்சி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைப் பெற்றவளுக்குப் பிறகு தூக்கத்தில் எனக்கு யார் விசிறியிருக்கிறார்கள்? இந்த வீடுதான் என்று முடிவு செய்தோம். திங்கட்கிழமை வக்கீல் ஆபீஸில் கையெழுத்து. சபாபதி அந்தக் கூடத்துக்கென்று இரண்டு மின்விசிறிகள்கூட வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்து வந்து படுத்தேன். பக்கத்து வீட்டுக்காரன் ஆரம்பித்தான். தலையணையைக் காதில் அழுத்தினேன். பட்டறையில் எவனோ ஒரு வண்டியை முறுக்கினான். எழுந்தேன், நடந்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்பப் படுத்தேன். உடம்பு முழுக்க எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. திங்கட்கிழமை வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? காதர் பீவி அக்காவிடம் கேட்டு அந்தத் தரையில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு வந்தால் என்ன? சபாபதிக்குக்கூடச் சொல்லாமல் மோட்டாரை எடுத்தேன். தூங்கி விழாமல் இருக்க வழியெல்லாம் சாமி பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே போனேன்.

கம்பத்து முனை திரும்பும்போதே அந்தச் சத்தம் வந்து காதில் விழுந்தது. ஆயிரம் குருவிகளைத் தகர டப்பாவில் போட்டு அடைத்த மாதிரி கீச்சுக்கீச்சென்று, மூச்சுவிடாமல். வீட்டுக்குப் பின்னால், வாழைகளுக்கு அந்தப் பக்கம், ஜன்னலே இல்லாத உயரமான சிமெண்ட் கட்டடம் ஒன்று உண்டு. போன தடவை ஏதோ ஸ்டோர் என்று நினைத்திருந்தேன். சத்தம் அதன் உச்சியில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

காதர் பீவி வாசலுக்கு ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அவசரமாகக் காதிலிருந்து எதையோ பிடுங்கினார். பஞ்சு.

"என்னாக்கா இது?"

"குருவி வீடு. கூலாய்ல இருக்குற மொதலாளி, தவுக்கேயோடது. குருவிச் சத்தத்தப் போட்டா நெசக் குருவி வந்து கூடு கட்டும். கூட்ட எடுத்து சூப்பு வைக்கிறவங்களுக்கு விக்கிறான். சாவி எங்ககிட்டதான் இருக்கு, பாத்துக்கறதுக்கு." குரல் தாழ்ந்தது. "வெளுத்தா ஆரம்பிக்கும், இருட்டினா நின்னுடும். ராத்திரில ஒரு சத்தம் இருக்காது தங்கச்சி, அல்லா மேல ஆணையா."

"ராத்திரில நான் வேலைல இருப்பேன்லா!" என்று கத்தினேன். "அப்ப அன்னைக்கி?"

"நீங்க வர்ற நேரத்துக்கு அணைச்சி வச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயசுக்கு மரியாதை பார்க்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். "தலைக்குத் தலகாணியும் வச்சி கழுத்தையும் அறுக்கப் பாத்தீங்களே! நல்லா இருப்பீங்களா? தூங்காம நான் எங்கயாச்சும் ரோட்டுல விழுந்து சாகணுமா? விசிறி வேற விட்டீங்களே, வெக்கமா இல்ல?"

அவர் படியில் உட்கார்ந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார்.

"பாசத்துல விசிறினேன்னு நெனச்சியா? நீ முழிச்சிக்கிட்டா போயிடுவே. நீ போனா நான் அந்த சுவிட்ச்சப் போடணும். நீ தூங்குற வரைக்கும் எனக்கும் சத்தம் இல்லல்ல? அதுக்குத்தான் விசிறினேன்."

"அப்ப தெனம் அணைச்சி வைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"தவுக்கே ஃபோன்லயே பாத்துடுவான். சத்தம் நின்னா ஒடனே ஃபோன் அடிப்பான். அன்னைக்கி கரண்ட் இல்லன்னு பொய் சொன்னேன். தெனம் சொல்ல முடியுமா? எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சொன்னாப் புரியல. அவுக பகல்ல இங்க இருந்தாத்தானே?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒன்னை ஏமாத்தினது தப்புதான். ஆனா நீ வாங்கலன்னா நான் எப்பத் தூங்குறது?"

நான் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு அலைகிற கேள்வி அதுதானே. சபாபதிக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டு, கையெழுத்து வேண்டாம் என்றேன்.

"அலமாக்! ஃபேன் வாங்கிட்டேனே!" என்றார் மனுஷர்.

மோட்டார் சாவியைத் திருகினேன். காதர் பீவி எழுந்து வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "இந்தக் கண்ணோட வண்டி ஓட்டாத. வீட்ட வாங்க வேணாம், படுத்து எழுந்திரிச்சிப் போ." வாழைத் தோட்டத்துப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் சத்தம் பட்டென்று நின்றது.

கூடத்தில் பாய் விரித்து எனக்குத் தலையணை போட்டார். "நானும் செத்த நேரம் முதுக நீட்டிக்கிறேன்," என்று பக்கத்தில் சாய்ந்தவர், சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளங்கையில் அந்தப் பஞ்சு உருண்டைகள் அப்படியே இருந்தன.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பக்கம் புரண்டேன், அந்தப் பக்கம் புரண்டேன். இனி எந்த ஊரில் போய் வீடு தேடுவது? இன்று இரவு எப்படி நிற்பது? இந்த அம்மாவின் மேல் கோபம் வேறு இன்னும் ஆறவில்லை. அமைதியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் அமைதி இல்லை.

அவருடைய தலைமாட்டில் ஃபோன் அதிர்ந்தது. திரையில் தவுக்கே பெயர். காதர் பீவியின் இமை துடித்தது. நான் ஃபோனை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

ஏன் சத்தம் நின்றது என்று அந்த ஆள் மலாயில் கத்தினான்.

"கரண்ட் இல்ல தவுக்கே," என்று நானும் மலாயில் சொன்னேன். "கம்பம் முழுக்க இல்ல. சாயங்காலம் ஆகும்னு சொல்றாங்க."

நீ யார் என்று கேட்டான்.

"வீடு வாங்க வந்தவ," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உள்ளே வந்தேன். கூடத்தில் வெயில் ஏறிவிட்டது. காதர் பீவியின் நெற்றியில் வியர்வை அரும்பி, புருவம் சுருங்கத் தொடங்கியிருந்தது. விழித்துக்கொண்டால் நேராக எழுந்துபோய் அந்தச் சுவிட்சைத்தான் போடுவார். சுவரோரம் கிடந்த பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தேன்.